கோமார்பிடிட்டின்னா என்ன? பிரஷர்காரங்களோட இணைநோய்கள்

2020-ல கொரோனா நேரத்துல தினமும் சாயங்காலம் தமிழ்நாட்டு சுகாதாரத்துறை அறிக்கை வரும்ல, அதுல இறந்தவங்களை இணைநோய் உள்ளவங்க, இல்லாதவங்கன்னு ரெண்டா பிரிச்சுப் போடுவாங்க, இந்த சொல்லு வீட்டுக்கு வீடு போனது அப்பதான். கூடவே ஒரு தப்பான அர்த்தமும் ஒட்டிக்கிச்சு. இணைநோய்னாலே ஏதோ பிழைக்கவே வழியில்லாத பெரிய வியாதின்னு நெறைய பேர் பயந்துட்டாங்க. அந்த அறிக்கையில திரும்பத் திரும்ப வந்ததே சுகரும் பிரஷரும்தான், நம்ம தெருவுலயே பத்து பேருக்கு இருக்கும்.

இங்கிலீஷ்ல இதுக்கு கோமார்பிடிட்டின்னு பேரு. லத்தீன்ல மோர்பஸ்னா நோய், கோ-ன்னா கூட. இதை மருத்துவத்துக்குள்ள கொண்டு வந்தவர் அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல இருந்த டாக்டர் ஆல்வன் ஃபைன்ஸ்டீன், 1970-ல. ஒரு நோயை எடுத்து ஆராயும்போது, அந்த நோயாளிக்கு ஏற்கனவே இருக்குற இல்ல நடுவுல வந்து சேர்ற தனிப்பட்ட வேற எந்த நோயும் கோமார்பிடிட்டிதான்னு அவர் வரையறுத்தார். கூட இருக்குற நோயை கணக்குல எடுக்காம ரெண்டு சிகிச்சையை ஒப்பிட்டா முடிவே தப்பாயிடும்ங்கிறதுதான் அவரோட கவலை.

இதுல "தனிப்பட்ட"ங்கிறது முக்கியம். பிரஷர் இருக்குறவருக்கு ஆஸ்துமா இருந்தா அது இணைநோய், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு காரணமா இருக்கணும்னு இல்ல. பிரஷரை கவனிக்காம விட்டதால பக்கவாதம் வந்தா அது பிரஷரோட பின்விளைவு. சிறுநீரக விஷயத்துல மட்டும் இந்த கோடு அழிஞ்சிடும், ஏன்னா பிரஷர் கிட்னியை கெடுக்கும், கெட்டுப்போன கிட்னி பிரஷரை ஏத்தும், எது முதல்ல வந்துச்சுன்னு பல பேருக்கு சொல்லவே முடியாது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பிரஷர் மாத்திரை வாங்க வர்றவங்களைப் பாத்தா வெறும் பிரஷரோட மட்டும் வர்றவங்க கம்மி. சுகர், கொலஸ்ட்ரால், உடல் பருமன், மூட்டுவலி, தைராய்டு, ராத்திரி குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வர்றது, அப்புறம் யாரும் வாய்விட்டு சொல்லாத மனச்சோர்வு, இப்படி ஏதாவது ஒண்ணு ரெண்டு கூட இருக்கும். டாக்டர் எந்த பிரஷர் மாத்திரை எழுதணும்ங்கிறதையே இதுதான் தீர்மானிக்குது. ஆஸ்துமா இருந்தா அட்டெனலால், புரோப்ரனலால் மாதிரி மாத்திரைகளை பெரும்பாலும் தவிர்ப்பாங்க. யூரிக் ஆசிட் கூடி கால் கட்டைவிரல் வீங்குறவருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடுங்கிற நீர் மாத்திரையை குடுத்தா அந்த யூரிக் ஆசிட் இன்னும் கூடும். சுகரோட சிறுநீர்ல புரதம் போறவருக்கு எனலாப்ரில், லோசார்டான் மாதிரி மாத்திரைங்க கிட்னியையும் சேர்த்து காப்பாத்தும்.

எனக்கு ரொம்ப ஆதங்கம் மூட்டுவலி விஷயத்துலதான். பிரஷர் பாக்க போற பாட்டி டாக்டர்கிட்ட முட்டிவலியை சொல்லவே மாட்டாங்க, அது வேற இது வேறன்னு நெனச்சு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக்னு வலி மாத்திரை வாங்கி வாரக்கணக்குல போடுவாங்க, அது உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வைக்கும், பிரஷர் ஏறும், டாக்டர் மாத்திரை வேலை செய்யலன்னு நெனச்சு டோஸை கூட்டுவார். அதுலயும் லோசார்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுறவங்க இந்த வலி மாத்திரையையும் சேர்த்து போட்டா கிட்னி திடீர்னு அடி வாங்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாராசிட்டமால் மாதிரி வேற வழி பாத்திருப்பாங்க.

தமிழ்ல இதுக்கு இணைநோய், உடன்நோய், துணைநோய், கூட்டுநோய்னு பல சொல்லு ஓடுது. துணைநோய்னா ஏதோ சின்னது, ரெண்டாம்பட்சம்னு தோணுது, கூட்டுநோய்னா பல நோய் கலந்து ஒரே நோயானமாதிரி இருக்கு. உடன்நோய் நல்ல சொல்தான், ஆனா மக்கள் வாயில ஏறல. இணைநோய்ங்கிறது பக்கத்துல சமமா நிக்குறதை சொல்லுது, எது எதுக்கு காரணம்னு சொல்லாம விடுது, அதனால எனக்கு அதுதான் சரின்னு படுது.

இதோட குழப்பிக்கக்கூடாத இன்னொரு சொல் மல்டிமார்பிடிட்டி, தமிழ்ல பல்நோய் நிலைன்னு சொல்லலாம். அதுல மைய நோய்னு ஒண்ணு கிடையாது, ஒருத்தருக்கு ரெண்டோ அதுக்கு மேலயோ நாள்பட்ட நோய் இருந்தாலே போதும். அந்த பாட்டிக்கு முட்டிவலிதான் பெரிய நோய், டாக்டருக்கு பிரஷர்தான் பெரிய நோய், அதனால ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆளை முழுசா பாக்குறதுக்கு பல்நோய் நிலைங்கிற சொல்தான் பொருத்தம், பிரஷரை மட்டும் வெச்சு பேசும்போது இணைநோய்னு சொல்லலாம்.

எழுதும்போது இணைநோய்னு சேர்த்தே எழுதுங்க. சில பேர் இணைநோயாளின்னு எழுதுறாங்க, அப்படி எழுதினா பக்கத்து பெட்ல இருக்குற சக நோயாளி மாதிரி அர்த்தம் வருது, இணைநோய் உள்ளவர்னு எழுதினா போதும்.