அப்பா கடலில், டில்லி வீட்டில்

சென்னை காசிமேட்டிலிருந்து தங்குகடலுக்குப் போகும் விசைப்படகு ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், திரும்பி வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே செல்போன் சிக்னல் நின்றுவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கு இது பழகிய கணக்கு. நாலு வயதுப் பிள்ளைக்கோ ‘பத்து நாள்’ என்றால் ஒன்றுமே விளங்காது. நேற்றும் நாளையுமே குழம்பும் வயது அது.

ஆனால் அப்பா எங்கோ இருக்கிறார் என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். கண்ணில் படாத பொருளும் ஆளும் இல்லாமல் போய்விடவில்லை என்ற அறிவு, எட்டு மாதம் வாக்கிலேயே வரத் தொடங்குகிறது. அப்பா இருக்கிறார், எப்போது வருவார் என்பதுதான் பிடிபடவில்லை. ஏக்கம் அங்கேதான் பிறக்கிறது. இரண்டு வயதை ஒட்டிப் பாவனை விளையாட்டும் வந்துவிட்டால், இல்லாத ஒருவரை மனதுக்குள் பேசவைக்க முடிகிறது.

எங்கள் தெருவில் ஒரு பாப்பாவுக்கு ‘டில்லி’ என்று ஒரு கற்பனைத் தோழி. சாப்பிட உட்கார்ந்தால், “ஆயா, டில்லிக்கும் சோறு போடு” என்பாள். மீனில் முள் எடுத்துப் போடச் சொல்வாள். டில்லியின் நைனாவும் கடலுக்குத்தான் போகிறார், ஆனால் தினமும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவாராம். ஒரு நாள், “டில்லி அழுவுறா, நீ சும்மா இரு” என்று ஆயாவையே அடக்கினாள். அழுகை யாருடையது என்று ஆயாவுக்குத் தெரியும். தன் வருத்தத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அவளைத் தேற்றும் பெரிய மனுஷியாகப் பாப்பா மாறிக்கொள்கிறாள். நாலு வயதில் இதைச் செய்ய முடிகிறது என்பது எனக்கு இன்னமும் பெரிய வியப்பு.

இதைக் கண்டு, காத்து கருப்பு பட்டுவிட்டதோ என்று பயந்து மந்திரிக்க அழைத்துப்போகிறவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் சுமார் 65 சதவீதக் குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படி ஒரு கற்பனைத் துணை இருந்தது தெரியவந்தது. உயிருள்ளதுபோல் பேசிப் பழகும் பொம்மைகளையும் சேர்த்த கணக்கு இது. மூத்த பிள்ளைகளிடமும் ஒற்றைப் பிள்ளைகளிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அப்பா அம்மா இருவரும் கூடவே இருக்கும் வீடுகளிலும் உண்டு. ஆகவே டில்லி வந்ததற்கு அப்பா இல்லாததுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. எங்கள் தெருப் பாப்பாவுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் அப்பா வீட்டில்தான் இருந்தார். டில்லியும் இருந்தாள்.

ஆனால் துணையாக வந்தவளிடம் பிள்ளை எதைப் பேசுகிறது என்பதில் ஏக்கம் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது, குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்காக லண்டனில் அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் காப்பகம் நடத்தினார்கள். அப்பாவை அரிதாகவே பார்த்த பிள்ளைகள்கூட அவரைப் பற்றிக் கதை கட்டிச் சொன்னதை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். சிறு பிள்ளைகள் தமக்குத் தாமே வாய்விட்டுப் பேசித்தான் தங்கள் செயலை நடத்துகிறார்கள். அந்தப் பேச்சுதான் பிறகு உள்ளே போய்ச் சிந்தனை ஆகிறது. டில்லி இருந்தால் அந்தப் பேச்சைக் கேட்க ஓர் ஆள் கிடைக்கிறது.

சரி, பிள்ளை இதை நிஜம் என்று நம்புகிறதா? பெரும்பாலும் இல்லை. ஆய்வாளர்கள் அக்கறையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போனால், “அது சும்மா விளையாட்டுக்கு” என்று பிள்ளைகளே அவர்களுக்கு எடுத்துச் சொல்வதுண்டு.

அதனால் டில்லிக்குத் தட்டு வைப்பதில் தப்பில்லை. ஆனால் பாப்பாவைச் சாப்பிட வைக்க, “டில்லி உன்மேல கோவமா இருக்கா” என்று நாமே கதையைக் கையில் எடுக்கக் கூடாது. அவள் பாப்பாவின் சொத்து. அப்பாவும், தூங்கும்போது சொல்லாமல் கிளம்பிப் போகாமல், சொல்லிவிட்டே போகட்டும். திரும்பும் நாளைத் தினசரி காலண்டரில் மடித்துவைத்து, தினமும் ஒரு தாளைப் பிள்ளை கையாலேயே கிழிக்க விட்டால், நாட்கள் குறைவது கண்ணுக்குத் தெரியும்.

கற்பனைத் துணை தன்னை மிரட்டுகிறது, அடிக்கச் சொல்கிறது என்று பிள்ளை நடுங்கினாலோ, மற்ற பிள்ளைகளோடு விளையாடுவதையே விட்டுவிட்டாலோ, தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது.