‘பழைய மாத்திரைகளை அப்புறம் பார்க்கலாம்’

சென்ற வாரம் ஒரு நோயாளி. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி 7 வருடம் ஆகிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் (ஏறினால் கெடுதல்) 1.2-ஐத் தாண்டியதே இல்லை. வயிற்றுப்போக்கும் வாந்தியும் என்று வேறொரு மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். "முதலில் வாந்தி நிற்கட்டும், பழைய மாத்திரைகளை அப்புறம் பார்க்கலாம்" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். மாற்று உறுப்பை உடம்பு தாக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை 5 நாள் உள்ளே போகவில்லை. என்னிடம் வந்தபோது கிரியேட்டினின் 3.4. சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் ரிஜெக்‌ஷன், அதாவது உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

"ஏழு வருஷமாச்சே டாக்டர், உடம்பு இன்னுமா ஏத்துக்கலை?" என்று அவர் மனைவி கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். ஏற்றுக்கொள்ளாது அம்மா. ஏழு வருடமானாலும் இருபது வருடமானாலும் உடம்புக்கு அது அடுத்தவர் உறுப்புதான். பெற்ற தாயே கொடுத்திருந்தாலும் அப்படித்தான். 1954-இல் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சையில் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே உருவ இரட்டையர்கள், அதனால் பிழைத்தது. மற்ற எல்லோருக்கும் மாத்திரைதான் காவல். ரிப்போர்ட் நன்றாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான்.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எதற்காகப் போனாலும், வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது: "எனக்கு மாற்றுச் சிறுநீரகம்." மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே பெயரில் ஒரு வேளை மாத்திரையும் உண்டு, இரு வேளை மாத்திரையும் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடக் கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. போட்டுவிட்டு வந்தால் அந்தப் பரிசோதனை வீண். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசியோ பிபி பட்டையோ வேண்டாம், மறுத்துவிடுங்கள்.

ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் அடங்கித்தான் காட்டும். லேசான சூடுதானே என்று வீட்டில் இருக்காதீர்கள்.

சக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிளாரித்ரோமைசினும் ஃப்ளுகோனசோலும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். வயிற்றுப்போக்கிலும் அளவு ஏறும். வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதவே எழுதாதீர்கள். கடுமையான தொற்றில் நாங்களே சில மருந்துகளைக் குறைப்போம். ஆனால் எதை, எவ்வளவு என்று பார்த்துத்தான். எழுதுவதற்கு முன் மாற்று சிகிச்சைக் குழுவுக்கு ஒரு போன் செய்யுங்கள், போதும்.

மாத்திரை போட்டதும் வாந்தி வந்துவிட்டால் நீங்களாக இன்னொன்று போடவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். கூப்பிடுங்கள். நள்ளிரவானாலும் தயங்க வேண்டாம்.