செவலை இறந்ததைப் பிள்ளைகளிடம் சொன்னபோது

போன மாதம் எங்கள் மையத்து நாய் செவலை இறந்துபோனது. பதினோரு வயது. சிறுநீரகம் கெட்டு, இரண்டு வாரம் படுத்தே கிடந்தது. அடுத்த சில நாட்களில் பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "பிள்ளைகிட்ட, செவலை ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லிடலாமா மேடம்?"

வேண்டாம் என்றேன்.

நான் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகர். செவலை ஒரு நாட்டு நாய். எட்டு வருடம் என்னோடு வேலை பார்த்தது. வாரத்தில் மூன்று நாள், ஒரு தடவைக்கு அரை மணி நேரம், ஒரு கோரைப்பாயில் படுத்திருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

திக்கிப் பேசும் ஒரு பையன் வருவான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வாயே திறக்க மாட்டான். செவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்தான். அவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் பெரியவர்கள் நாம் பொறுக்காமல் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். செவலை எதுவும் செய்யாது, அப்படியே படுத்திருக்கும். அவன் நேரம் எடுத்துக்கொண்டு தானே சொல்லி முடிப்பான். திக்குவாய் போய்விட்டதா என்றால், இல்லை. அதற்குப் பேச்சுப் பயிற்சி தனியாக நடந்தது, இன்னும் நடக்கிறது. ஆனால் வாசிக்கப் பயப்படுவது குறைந்தது. நாய் நோயைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இது புதிய விஷயமும் இல்லை. நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர் இருந்தார். ஒருநாள், சொன்ன நேரத்துக்கு முன்பே ஒரு சிறுவனை அழைத்து வந்துவிட்டார்கள். யாரிடமும் ஒட்டாத பிள்ளை. லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் ஓடிப்போய் அவனை நக்க, அவன் அதை அணைத்துக்கொண்டான். நாயைத் 'துணைச் சிகிச்சையாளர்' என்று சொல்லி லெவின்சன் 1962-இல் கட்டுரை எழுதினார்.

இப்படி நாய் வைத்திருக்கும் இடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்: வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போடுகிறார்களா, குடற்புழு மருந்து கொடுக்கிறார்களா? ஆஸ்துமா உள்ள பிள்ளையையும் நாயைக் கண்டு பயப்படும் பிள்ளையையும் கட்டாயப்படுத்திப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. நாய்க்கும் களைப்பு உண்டு. அடிக்கடி கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்கிறோம். உதட்டை நக்கிக்கொண்டு முகத்தையும் திருப்பினால், பெரும்பாலும் அது 'போதும், விடுங்கள்' என்கிறது. செவலை எழுந்து வெளியே போக எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருந்தது.

சரி, இறப்புக்கு வருகிறேன். "தூங்கிடுச்சு" என்று சொன்னால் சின்னப் பிள்ளை தானும் தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கு" என்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். ஐந்தாறு வயது வரைக்கும் பல பிள்ளைகளுக்கு, செத்தது திரும்பி வராது என்பதே பிடிபடுவதில்லை. அதனால் நேராகச் சொன்னேன்: செவலை செத்துப்போச்சு. இனிமேல் மூச்சு விடாது, சாப்பிடாது, அதுக்கு வலிக்காது, திரும்பி வராது. ஒரு பெண் குழந்தை ஐந்து தடவை கேட்டாள். ஐந்து தடவையும் அதையே சொன்னேன். சொல்லும்போது எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

திக்கிப் பேசும் அந்தப் பையன் மட்டும் ஒன்றுமே கேட்காமல் இருந்தான். கிளம்பும் நேரத்தில் திரும்பி வந்து, நின்று நின்று கேட்டான்: "நான் அன்னைக்கு அதோட வாலை மிதிச்சிட்டேன்ல. அதனாலயா மேடம்?"

ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே கிடந்திருக்கும். உட்காரவைத்து, ஒரு தாளில் சிறுநீரகத்தை வரைந்து காட்டி, அது என்ன வேலை செய்யும், செவலைக்கு அது எப்படி நின்றுபோனது என்று சொன்னேன். "வால்ல இருந்து அது ரொம்ப தூரம்" என்றான். ஆமாம் என்றேன்.

பாயை எடுத்துவிடலாமா என்று பிள்ளைகளிடமே கேட்டேன். இருக்கட்டும் என்றார்கள்.