மாம்பழத்துக்குள் வண்டு இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

பங்குனி பிறந்ததும் கிருஷ்ணகிரியில் என்னைத் தேடி வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "தோட்டத்துக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பிச்சுட்டோம். ஃபாலோயரைப் பத்தாயிரம் ஆக்க எவ்வளவு செலவாகும்?" மண்டிக்குப் போடாமல் நேரடியாகப் பெட்டி அனுப்ப நினைக்கிற தோட்டக்காரர்களும், அப்பாவின் தோப்பைக் கையில் எடுத்த பிள்ளைகளும்தான் இவர்களில் அதிகம். போன வருடம் உங்களிடம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் கேட்டிருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தக் கணக்கு பலரிடம் இருப்பதில்லை.

மக்கள் தொடர்பும் சமூக ஊடகமும் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், காசுக்கு வாங்கும் ஃபாலோயர்களில் பெரும்பாலானவை போலிக் கணக்குகள். அவை ஒரு பெட்டிகூட வாங்காது. ஏற்கெனவே வாங்கிய நூறு பேர் உங்களைப் பற்றி நாலு இடத்தில் பேசினால்தான் பெயர் நிற்கும். அவர்கள் எப்போது பேசுவார்கள்? பெரும்பாலும் ஏதாவது கெட்டுப்போகும்போது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சீசனில் சந்தூர் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் பெங்களூருக்கு நீலம் ரக மாம்பழம் அனுப்பினார். வாங்கிய பெண்மணி பழத்தை நறுக்கும்போது கொட்டைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு வண்டு ஊர்ந்து வந்தது. வீடியோ எடுத்துப் பக்கத்தின் பெயரோடு போட்டுவிட்டார். "வெளியே ஒரு ஓட்டைகூட இல்லை. உள்ளே எப்படி வந்தது? என்ன ஊசி போடுகிறார்கள்?" என்று கேட்டிருந்தார். சற்று நேரத்தில் தோட்டக்காரரின் சொந்தக்காரப் பையன்கள் வீடியோவுக்குக் கீழே பதில் எழுத இறங்கிவிட்டார்கள். "மாம்பழம்னா வண்டு இருக்கும், இதுகூடத் தெரியாதா?" இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது தெரிந்த விஷயம்தான். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் காசு கொடுத்துப் பெட்டி வாங்கியவருக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும்?

அந்தப் பதில்களை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு, தோட்டக்காரர் பெயரில் பொதுவிலேயே இப்படி எழுதினோம்: "மேடம், வீடியோ பார்த்தேன். ஆசையாக நறுக்கும்போது இப்படி ஆனதற்கு வருந்துகிறேன். இது மாங்கொட்டைக் கூன்வண்டு. பிஞ்சு கோலிகுண்டு அளவில் இருக்கும்போதே தோலில் முட்டை வைத்துவிடும். புழு துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போய்விடும். காய் பெருக்கப் பெருக்க அந்தத் தடம் மூடிக்கொள்ளும், அதனால்தான் வெளியே ஓட்டை தெரியவில்லை. ஊசியோ மருந்தோ எதுவும் இல்லை. வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க எங்களாலும் முடியாது. ஆனால் உங்கள் காசுக்கு நாங்கள்தான் பொறுப்பு. பெட்டியில் எத்தனை பழம் இப்படி இருந்தாலும் அதற்கான பணத்தை அனுப்பிவிடுகிறோம்."

முதலில் வருத்தம், அப்புறம் காரணம், கடைசியில் பணம். வரிசை முக்கியம். விளக்கத்தை முன்னால் வைத்தால் வாதாடுவது போலத் தெரியும். 'இன்பாக்ஸுக்கு வாருங்கள்' என்று சொல்லி ஒதுங்கவும் கூடாது, குறை பொதுவில் வந்தால் பதிலும் பொதுவில் இருக்க வேண்டும். கணக்கு எண், முகவரி மட்டும் தனியாகக் கேட்டால் போதும்.

அடுத்த சீசனில் முதல் பெட்டி கிளம்பும் முன்பே ஒரு கொட்டையைப் பிளந்து வண்டைக் காட்டி ஒரு நிமிட வீடியோ போடலாம் என்றேன். "நாமளே போய் நம்ம பழத்துல வண்டு இருக்கும்னு சொல்றதாங்க?" என்று தோட்டக்காரர் தயங்கினார். விடாமல் சொல்லிப் போட வைத்தேன். அந்த வருடம் புதிதாக வாங்கிய ஒருவர் அதே புகாரோடு வந்தபோது, தோட்டக்காரர் போனை எடுப்பதற்குள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் காரணத்தைச் சொல்லி, "பணம் கேளுங்கள், கொடுத்துவிடுவார்" என்றும் எழுதியிருந்தார். இதைத்தான் நான் சமூகம் என்று சொல்வேன். அல்போன்சாவில் உள்சதை வெளுத்துப் பஞ்சுபோல் ஆகும் கோளாறுக்கும் இதே வழிதான்.

இன்னொரு விஷயம் எனக்கு நிஜமாகவே கவலை தருகிறது. 'மற்றவர்கள் எல்லாம் கல் வைத்துப் பழுக்க வைக்கிறார்கள், எங்களிடம் மட்டும்தான் இயற்கை' என்று போடும் பதிவுகள். கார்பைடு கல் தடை செய்யப்பட்டது, அதை யார் பயன்படுத்தினாலும் தப்புதான். ஆனால் பழுக்க வைக்க எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் அனுமதித்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி ஊரையே சந்தேகத்தில் தள்ளினால் வாங்குபவர் எல்லாரிடமும் வாங்குவதை நிறுத்துவார், உங்களிடமும்தான். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானாலும், வெளியூர்க்காரருக்குத் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாம்பழச் சீமைதான். அந்தப் பெயர் நம் எல்லாருக்கும் பொதுச் சொத்து. உங்கள் பழம் எப்படிப் பழுத்தது என்பதைக் காட்டுங்கள், அடுத்தவர் பழத்தை விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். வாங்கிய எல்லாருடைய எண்ணையும் கேட்காமலே ஒரு குரூப்பில் சேர்ப்பது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம், அத்தனை பேர் எண்ணும் அத்தனை பேருக்கும் தெரியும். பெண் வாடிக்கையாளர்களுக்கு யார் யாரோ 'ஹாய்' அனுப்புவதும், போலி வேலை வாய்ப்பு, போலி லோன் செய்திகள் வருவதும் இப்படித்தான் தொடங்குகிறது. அவர் எண் தந்தது பெட்டி வந்து சேர்வதற்காக. ஒருவருடைய விவரத்தை எதற்காகக் கேட்டு வாங்கினோமோ, அதைத் தாண்டிப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை.

வழி இருக்கிறது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். அதனால் பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: 'அடுத்த சீசன் தகவல் வேண்டுமென்றால் இந்த எண்ணைச் சேமித்து, வேண்டும் என்று ஒரு செய்தி அனுப்புங்கள்.' அப்படி அனுப்புகிற நாற்பது பேர், கேட்காமல் சேர்த்த ஆயிரம் பேரைவிட மேல். வாட்ஸ்அப் சேனலும் நல்லது, பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது.

ரீல்ஸ் போடுபவரைக் கூப்பிட்டுப் புகழ வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கொடுத்தாலும் சரி, இலவசமாக ஒரு பெட்டி கொடுத்தாலும் சரி, அது விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும். வீடியோவென்றால் எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும் என்பது 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. தர்மபுரியில் சாமை, கேழ்வரகு மாவு விற்கும் மகளிர் குழு அக்காக்களும் கவனிக்க வேண்டும். 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று பாக்கெட்டிலோ பதிவிலோ போடாதீர்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய அனுமதியே இல்லை. சித்தேரி மலையில் விளைந்த சாமை, யார் புடைத்தது, எந்த மாதம் அறுத்தது என்று உள்ளதைச் சொன்னாலே நகரத்துக்காரர் நின்று படிப்பார்.

கடைசியாக, பக்கம் யார் கையில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பக்கத்தை நடத்தித் தருவதாகச் சொன்னவரின் மின்னஞ்சலில், அவருடைய போன் எண்ணில் கணக்கு தொடங்கியிருந்தால், மனஸ்தாபம் வரும் நாளில் வாடிக்கையாளர்களும் அவரோடு போய்விடுவார்கள். மின்னஞ்சலும் எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், வேலை செய்பவருக்குத் தனி அனுமதி மட்டும் கொடுங்கள். பெட்டி கிளம்பத் தொடங்கிய பிறகு இதைச் சரிசெய்ய யாருக்கும் நேரம் கிடைக்காது. காய் இறக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.