காயம்பட்டவரின் வழக்கில் வீட்டார் சாட்சி சொல்லலாமா?

விபத்தில் காயம்பட்டு இழப்பீடு கேட்பவர்கள் ஸ்கேன், மருத்துவச் சான்று, பில் எல்லாவற்றையும் பத்திரமாகச் சேர்த்து வைக்கிறார்கள். கூடவே இருந்து பார்த்த மனைவியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, உடன் வேலை செய்தவரோ சாட்சி சொல்லலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மருத்துவம் தெரியாதவர் பேச்சை கோர்ட் எடுத்துக்கொள்ளுமா என்று தயங்குகிறார்கள். எடுத்துக்கொள்ளும். தான் கண்டதைச் சொல்ல யாருக்கும் பட்டம் தேவையில்லை.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்கிறது. பார்த்த விஷயம் என்றால் பார்த்தவரே வந்து சொல்ல வேண்டும்.

சரி, கருத்து சொல்லலாமா? பொதுவாக அது நிபுணரின் வேலை. ஆனால் "வண்டி வேகமாக வந்தது", "வலியில் துடித்தார்" என்பதெல்லாம்கூட ஒரு வகையில் கருத்துதான். அதைத் தவிர்த்துவிட்டுப் பார்த்ததை எப்படிச் சொல்வது? இங்கிலாந்தின் 1972ஆம் ஆண்டு சிவில் சாட்சியச் சட்டம், 3(2) பிரிவில் இதற்கு வழி விடுகிறது: தான் நேரில் உணர்ந்ததைத் தெரிவிக்கும் விதமாகச் சொன்ன கருத்து ஏற்கப்படும். அமெரிக்க ஃபெடரல் சாட்சிய விதி 701 மூன்று நிபந்தனை போடுகிறது. கருத்து சாட்சியின் சொந்த அனுபவத்திலிருந்து வர வேண்டும், வழக்கைப் புரிந்துகொள்ள உதவ வேண்டும், அறிவியல் அல்லது தொழில்நுட்ப அறிவைச் சார்ந்திருக்கக் கூடாது.

பெரும்பாலானோர் சறுக்குவது இந்த மூன்றாவதில்தான். "அந்த விபத்தால்தான் அவருக்கு டிஸ்க் விலகியது, இனி சரியாகாது" என்று மனைவி சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் உடனே ஆட்சேபிப்பார். காரணமும் குணமாகும் வாய்ப்பும் ஊனத்தின் சதவீதமும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. அதே மனைவி, "முன்பெல்லாம் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். இப்போது செருப்பு மாட்டவே சுவரைப் பிடிக்கிறார். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்" என்று சொல்லட்டும். அதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? எந்த ஸ்கேனிலும் தெரியாத இந்த இழப்பை நீதிபதிக்குக் காட்டக்கூடியவர் அவர்தான். இதை விட்டுவிட்டு வழக்கு நடத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் சாட்சியத்தைத் தள்ள மாட்டார்கள். எவ்வளவு நம்பலாம் என்பதைக் குறுக்கு விசாரணைக்குப் பிறகு நீதிபதி எடைபோடுவார். அதனால் கூட்டிச் சொல்லவே கூடாது. இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தவர் அடிப்படையிலேயே நேர்மையற்று நடந்தது தெரிந்தால், 2015ஆம் ஆண்டு குற்றவியல் நீதி மற்றும் நீதிமன்றங்கள் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, உண்மையான காயத்துக்கு உரிய இழப்பீடு உட்பட முழுக் கோரிக்கையும் தள்ளுபடியாகலாம்.

அப்புறம் ஒன்று. விசாரணை வருவதற்குள் பல விவரம் மறந்துபோகும். பார்த்ததை அன்றன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். சம்பவத்தை ஒட்டித் தானே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள இந்தியச் சட்டம் சாட்சிக்கு இடம் தருகிறது. எதிர்த்தரப்பு கேட்டால் அந்தக் குறிப்பை அவர்களுக்கும் காட்ட வேண்டும்.