ஆட்டிசம் உள்ள குழந்தையோடு விமானம் ஏறும் முன்

கோடை விடுமுறை நெருங்கினாலே எங்கள் தெரபி மையத்தில் பெற்றோர் கேட்பது இதுதான்: "மேடம், இவனை ஃப்ளைட்ல ஏத்துவாங்களா? கத்தினா இறக்கி விட்டுடுவாங்களா?"

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில், பதற்றமாக இருந்த மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை இண்டிகோ ஏற்ற மறுத்தது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதே ஆண்டு விதியையும் திருத்தியது. இப்போது ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது. வழியில் உடல்நிலை மோசமாகலாம் என்று விமான நிறுவனம் கருதினால், ஒரு மருத்துவர் நேரில் பார்த்துத்தான் பயணம் செய்யலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும்.

ஆனால் உதவி தானாக வராது, நாம்தான் கேட்க வேண்டும். டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுவது நல்லது. தவறினால் 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லுங்கள். "ஸ்பெஷல் சைல்டு" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் வீல்சேர்தான் வரும். நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு அது எதற்கு? அறிவுசார், வளர்ச்சிசார் குறைபாடு உள்ள பயணிகளுக்கென்று 'டிபிஎன்ஏ' (DPNA) என்ற குறியீடு உண்டு. அதைப் பதியச் சொல்லுங்கள். கூடவே, "வரிசையில் நிற்க முடியாது, தொட்டால் பதறுவான், பேச்சு குறைவு" என்று தேவையை விளக்கி மெயில் அனுப்பி, அதன் பிரதியையும் யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள்.

என் அனுபவத்தில் குழந்தைகள் அதிகம் உடைந்துபோவது விமானத்துக்குள் இல்லை, பாதுகாப்புச் சோதனையில்தான். காதில் இருக்கும் ஹெட்போனைக் கழற்றச் சொல்வார்கள். கையை விட்டு இறங்காத பொம்மை டிரேயில் போய், கருப்பு ரப்பர் திரைக்குள் மறையும். அது திரும்பி வரும் என்று நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாதே! அதனால் இரண்டு பக்கமும் திறந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய துணியைத் தொங்கவிட்டு, வீட்டிலேயே விளையாடச் சொல்கிறேன். பொம்மை இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் வரும். ஒரு வாரம் விளையாடினால் பல பிள்ளைகள் டிரேயில் தாங்களே வைத்துவிடுகிறார்கள். கையால் தடவிச் சோதிப்பதற்கு முன், "நான் பக்கத்தில் நிற்கிறேன், எங்கே தொடப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்" என்று காவலரிடம் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துழைப்பார்கள்.

முதலில் ஏறும் சலுகை கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. சில குழந்தைகளுக்கு, நிற்கும் விமானத்தில் அரை மணி நேரம் உட்கார்வதே பெரும்பாடு. துணைக்கு இருவர் இருந்தால் ஒருவர் பைகளோடு முன்னால் ஏறட்டும்; மற்றவர் குழந்தையோடு கடைசியில் வரட்டும். கழிவறைக்கு அருகே இருக்கை வேண்டாம். அங்கே ஃப்ளஷ் செய்யும் சத்தத்தில் பெரியவர்களே திடுக்கிடுவார்கள். தூக்க மருந்து கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மருத்துவரைக் கேட்காமல் கூடாது. சில குழந்தைகளுக்கு அது எதிர்மாறாக வேலை செய்து, அமைதிக்குப் பதில் ஆர்ப்பாட்டம்தான் மிஞ்சும்.

அப்புறம், மீறி ஏற்ற மறுத்தால் சண்டை போடாமல் இரண்டு விஷயம் கேளுங்கள்: மருத்துவர் எங்கே, காரணம் எழுத்தில் எங்கே? எழுத்தில் தருவது அவர்கள் கடமை. அதை வைத்து விமானப் பயணிகள் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்திலும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் புகார் செய்யலாம். 2012-இல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட ஜீஜா கோஷ், பெருமூளை வாதம் உள்ளவர், உச்ச நீதிமன்றம் வரை போனார். 2016-இல் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது.