ஹோல்டில் ஒலிக்கும் பாட்டு யாருடையது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி கம்பெனிக்கோ கிளினிக்குக்கோ போன் செய்தால், “கொஞ்சம் இருங்க” என்ற குரலுக்குப் பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஓடலாம். கரகரவென்று, அறுந்து அறுந்து கேட்கும். ஏன் அப்படிக் கேட்கிறது, அதைப் போட உரிமை உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதிலை ஒன்றாகத் தேடினால் நல்ல வழி ஒன்று கிடைக்கிறது.

ஹோல்ட் இசையைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் லெவி என்ற அமெரிக்கத் தொழிற்சாலை முதலாளி. அங்கே ஒரு தொலைபேசிக் கம்பி தளர்ந்து இரும்பு உத்தரத்தில் பட்டதாகவும், உத்தரம் பக்கத்து வானொலி நிலையத்தின் ஒலியை ஈர்த்து, காத்திருந்தவர்கள் காதில் பாட்டாய் விழுந்ததாகவும் சொல்வார்கள். 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1966இல் கிடைத்தது.

இன்று அந்த வேலையை, அலுவலகத்தின் தொலைபேசி இணைப்புகளை மாற்றிக்கொடுக்கும் பிபிஎக்ஸ் என்ற சிறு பெட்டி செய்கிறது. ஹோல்ட் பொத்தானை அழுத்தியதும் உங்கள் குரல் நின்று, பெட்டியில் சேமித்த ஒலிக்கோப்பு ஓடத் தொடங்கும். இணையவழித் தொலைபேசியில் அது பொதுவாக 20 மில்லிவினாடித் துண்டுகளாக, வினாடிக்கு 50 துண்டுகள் வீதம் போகும். பல பெட்டிகளில் காத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே ஓட்டம்தான். பாட்டு பாதியில் தொடங்குவது அதனால்தான்.

தொலைபேசி பேச்சுக்காகவே அமைந்தது. சாதாரண அழைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கடத்தும். மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் அடித்தொனி அதற்குக் கீழே போய்விடும், தாளத்தின் கணீர் மேலே போய்விடும். சிடி இசைத்தட்டு வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. தொலைபேசி 8,000 முறைதான். ஒலியை எண்களாக மாற்றி அனுப்பும் ஜி.711 என்ற முறையில் இவ்வளவாவது தேறும். இணையத்தை மிச்சம் பிடிக்க ஜி.729 என்ற இன்னொரு முறைக்கு மாற்றியிருந்தால் நிலைமை மோசம். அது மனிதத் தொண்டை ஒலி எழுப்பும் விதத்தைக் கணக்கிட்டு, வினாடிக்கு வெறும் 8,000 பிட்டில் குரலை மீட்டெடுக்கும் முறை. பத்து வாத்தியம் சேர்ந்து ஒலித்தால் அதற்குப் புரியாது. மௌனத்தைக் கண்டறிந்து அனுப்பாமல் விடும் வசதியும் இயங்கினால், மெல்லிய இடங்களை மௌனம் என்று எண்ணி அறுத்துவிடும். ஒற்றை வீணையோ புல்லாங்குழலோ இந்தச் சல்லடையில் ஓரளவு தப்பிவிடும்.

இனி உரிமை. மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் வந்தது. அதன்படி ஒரு பாட்டுக்குப் பல உரிமையாளர்கள்: மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு எல்லாமே தனித்தனி. தியாகராஜர் 1847இல் மறைந்தார். படைத்தவர் இறந்து 50 ஆண்டு என்ற மலேசியக் கணக்கில் அவர் கீர்த்தனை எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டது. ஆனால் அதைச் சென்ற ஆண்டு ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு பொதுச்சொத்து அல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான்.

“ஒருத்தர் காதில்தானே கேட்கிறது, இது எப்படிப் பொது ஒலிபரப்பு ஆகும்?” நியாயமான கேள்வி. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1997இல் டெல்ஸ்ட்ரா என்ற தொலைபேசி நிறுவனத்தின் வழக்கில் இதற்குப் பதில் சொன்னது: ஒவ்வொருவரும் தனியே கேட்டாலும், வணிகச் சூழலில் அது பொதுமக்களுக்குத் தருவதுதான். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இப்படிப்பட்ட காமன்வெல்த் தீர்ப்புகளை இங்கே எடுத்துப் பார்ப்பது வழக்கம். அது ஒருபக்கம் இருக்க, பாட்டைப் பெட்டியில் ஏற்றுவதே பிரதி எடுப்பது, அதற்கும் அனுமதி வேண்டும்.

ஸ்பாட்டிஃபைக்குச் சந்தா கட்டினால் போதுமா? போதாது, அது சொந்தமாகக் கேட்க மட்டும். வானொலியைக் கம்பி போட்டு இணைப்பதும் கூடாது. நிலையம் தன் ஒலிபரப்புக்குத்தான் கட்டணம் கட்டுகிறது, உங்கள் ஹோல்டுக்கு அல்ல. மேலும், உங்கள் வாடிக்கையாளர் போட்டிக் கடையின் விளம்பரத்தைக் கேட்க நேரும்!

சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்றால், பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் எம்ஏசிபி என்ற அமைப்பிடமும் ஒலிப்பதிவு நிறுவனங்கள் சார்பில் பிபிஎம் என்ற அமைப்பிடமும் கேளுங்கள். தொலைபேசி ஹோல்டுக்கு என்று சொல்லி, பிரதி எடுக்கும் உரிமையும் அடங்குமா என்று விசாரியுங்கள். ராயல்டி இல்லா இசை என்பது பெரும்பாலும் ஒருமுறை விலை கொடுத்து வாங்குவது, இலவசம் அல்ல. படைத்தவரே மற்றவர் பயன்படுத்த முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வணிகமல்லாதது என்று குறித்திருந்தால் தொடாதீர்கள்.

எனக்கு இதையெல்லாம்விடச் சிறந்ததாகத் தோன்றுவது, ஊரில் வீணையோ வயலினோ வாசிக்கும் ஒருவரிடம் காசு கொடுத்து, சொந்த மெட்டில் நான்கு நிமிடம் வாசிக்கச் சொல்வது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் இசை கற்றுவிட்டு மேடையில்லாமல் இருக்கிறார்கள்! வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துச் செய்வித்த படைப்பின் பதிப்புரிமை செய்வித்தவருக்குப் போகும் என்கிறது மலேசியச் சட்டம். கலைஞர் தன் மெட்டை வேறெங்கும் பயன்படுத்த விரும்பினால் அதைத் தடுக்காமல், யாருக்கு என்ன உரிமை, எத்தனை ஆண்டு, என்ன தொகை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அப்புறம் கோப்பை ஒற்றைத் தடமாக (மோனோ), ஒலியை வினாடிக்கு 8,000 முறை அளக்கும் வேகத்துக்கு (8,000 ஹெர்ட்ஸ்) மாற்றி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து ஏற்றிவிட்டு, வெளியிலிருந்து கைப்பேசியில் ஒருமுறை அழைத்துக் கேட்டுப் பாருங்கள்.